தாளம் தவறாத குப்பை

அழைப்பிதழில் தம் பெயரை மட்டும் அரைப்பக்கத்துக்கு அச்சிடச் சொன்ன அடக்கத்தின் உறைவிடமே, எங்கள் வானாய்வுக் கூடத்தின் தலைவர் அவர்களே! முன்வரிசையில் கண்களை மூடி, காதுகளையும் மூடிக் கவனித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! வராமலிருக்க ஒரு காரணமும் வாய்க்காமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

மேடை நடுவே பட்டுத்துணி போர்த்திய பொத்தானைப் பார்த்தீர்களா? நான் பேசி முடித்ததும் தலைவர் அதை அழுத்துவார். அழுத்தியதும் எங்கள் கணினிகளில் சேர்ந்திருக்கும் குப்பை அத்தனையும் அழியும். திறந்துவைக்கப் பொத்தான் அழுத்துவது ஊர் வழக்கம். தொலைத்துக்கட்டப் பொத்தான் அழுத்துவது எங்கள் தலைவர் கண்ட புதுமை! கைதட்டுங்கள், எதிர்பார்க்கிறார்.

என்ன குப்பை? எங்கள் தொலைநோக்கி வானம் முழுவதையும் ஓயாமல் படம் பிடிக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியும் எண்களாக வந்து குவிகிறது. அவற்றைச் சுத்தம் செய்யத் தலைவர் ஒரு நிரல் எழுதினார். எப்பேர்ப்பட்ட நிரல்! ஒளி மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் நட்சத்திரம். சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கினால் இரைச்சல், தூக்கி எறி! என் மாமியாரும் இப்படித்தான். துடைப்பத்தை எடுத்தாரென்றால் தூசியோடு மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்துவிடுவான். (மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். இன்றைய சாப்பாடு எனக்குச் சந்தேகமே.)

அந்தக் குப்பைக்குள் கையை விட்டாள் எங்கள் அலுவலகத்துச் சல்லடை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. சோர்வில்லாமல் எதையும் சலித்துப் பார்ப்பதால் நாங்கள் வைத்த பெயர் இது. ஒரு நட்சத்திரத்திலிருந்து எறியப்பட்ட எண்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினாள். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். ஆறு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு!

தலைவரிடம் ஓடினாள். பக்கத்து மேசையில் வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்த நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"சார், இது துடிக்குது சார்."

"துடிக்கட்டுமேம்மா. துடிக்கிறதையெல்லாம் சேர்த்து வைக்க இது என்ன ஆஸ்பத்திரியா?"

"குப்பைன்னா எப்படி சார் தாளம் வரும்?"

"பாரும்மா, நட்சத்திரம்னா ஒரு கௌரவம் வேணும். நிமிஷத்துக்கு நிமிஷம் கண்ணடிச்சா நல்லாவா இருக்கு?"

"ஒரு காப்பியாவது எடுத்துக்கிறேன் சார்."

"குப்பைக்கு எதுக்கும்மா காப்பி?"

அதோ, முன்வரிசையில் தலைவர் வீட்டு அண்ணி சிரிக்கிறார்கள்! தலைவரே, உங்கள் வீட்டிலேயே ஆதரவு ஆட்டம் காண்கிறது.

தாய்மார்களே, இரைச்சலுக்குத் தாளம் உண்டா? சந்தைக் கூச்சல் சுருதி சேருமா? ஒன்றுபோல் ஏறி, ஒன்றுபோல் இறங்கி, ஓயாமல் ஒளிர்வது குப்பையா? நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் அலையடிக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று அந்தத் துடிப்பு நமக்குச் சொல்கிறது. அழிக்கப்போகும் குவியலில் இன்னும் எத்தனை துடிப்புகளோ! அழித்தபின் வானத்தை அண்ணாந்து பார்த்து, 'அன்று அடித்த கண்ணை இன்னொரு தடவை அடி' என்றால் அடிக்குமா?

"போதும் சார், முடிங்க!"

யார், கணக்குப் பிரிவு அண்ணனா? பசியா அண்ணே? பொறுத்தார் பூமி ஆள்வார். உங்களுக்குப் பந்தியில் முதல் இலை. தலைவரே, விரல் பட்டுத்துணிக்குள் போகிறதே! கொஞ்சம் கையை எடுங்க சார், இன்னும் நன்றியுரைக்கே வரவில்லை. நான் என்றைக்குச் சுருக்கமாகப் பேசியிருக்கிறேன்? வீட்டில் உப்பு கேட்பதற்கே முன்னுரை வைப்பவன் நான். நான் கேட்டு முடிப்பதற்குள்...

சற்றுப் பொறுங்கள். கடைசி வரிசையில் மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்கிறது. என்னம்மா சல்லடை, முடிஞ்சிருச்சா?

"முழுசா வந்துருச்சுண்ணே!"

அவையோரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணினி அறைப் பொறுப்பாளர் இன்று காலையில்தான் மனமிரங்கி, "பொத்தானை அமுக்குற வரைக்கும் காப்பி எடுத்துக்கம்மா, அதுக்கப்புறம் என்னைக் கேக்காத" என்றார். அந்த அவகாசத்தை இழுக்க இந்த ஊரிலேயே தகுதியான வாய் எதுவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தலைவர் அவர்களே, இனித் தாராளமாக அழுத்துங்கள். என் வளவளப்பால் உலகுக்கு விளைந்த முதல் நன்மையை இருந்து பார்த்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்!