ரெண்டு ஆள் வேலை

கிட்ட வந்து உக்காருங்க. அந்த விளக்கை அணைக்காதே, எரியட்டும்... இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடும்.

என்கூட வேலை பாக்கிறவனோட மச்சானுக்கு நடந்தது. லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி பதினொன்னே முக்கால்... ஊருக்கு வெளிய, மூடிப்போன கல்குவாரிக்குப் போற ரோடு. ஒரு நாய்கூடக் கிடையாது. தனியா கார் ஓட்டிட்டுப் போறாரு. டிக்கியில டெலஸ்கோப், கேமரா, பேட்டரி. கண்ணுக்கே தெரியாத தூரத்து நட்சத்திரக் கூட்டத்தை, மணிக்கணக்கா கேமராவைத் திறந்து வெச்சுப் படம் பிடிக்கிற பைத்தியம். நல்ல இருட்டு வேணும்ல, அதான் குவாரி. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் இதே பைத்தியம்தான்.

தம்பி போன வருஷம் செத்துட்டான்.

எப்படின்னா... அன்னைக்கு இவரு மட்டும்தான் குவாரிக்கு வந்திருந்தாரு. எல்லாத்தையும் மாட்டிட்டுப் பாத்தா, கேமராவை டெலஸ்கோப்போட சேக்கிற வளையம் இல்லை. தம்பி வீட்டு அலமாரியிலயே விட்டுட்டாரு. உள்ளங்கையில அடங்குற சாமான், ஆனா அது இல்லாட்டி மொத்தமும் தண்டம். தம்பிக்குப் போன் போட்டாரு. "எடுத்துட்டு வாடா, சீக்கிரம்." தம்பி பொண்டாட்டி தூங்கிட்டிருந்தா. அவளை எழுப்பாமப் பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். மெயின் ரோட்டுல லாரி... அவ்வளவுதான்.

இவரு என்ன பண்ணாரு தெரியுமா? தான் கூப்பிட்டதை யாருகிட்டயும் மூச்சு விடலை. போன்ல இருந்ததையும் அழிச்சுட்டாரு. சும்மா இருக்குமா ஊரு? "அந்த நேரத்துல எதுக்கு வெளிய போனான்? இவதான் சண்டை போட்டுத் துரத்தியிருப்பா"ன்னு மாமியாக்காரியே அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டா. ஒரு வருஷமா அவ வாயைத் திறக்காம அதைக் கேட்டுக்கிட்டிருக்கா. இந்த மனுஷனும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்காரு. பாவி!

சரி, ஒரு வருஷம் கழிச்சு, நான் முதல்ல சொன்ன அந்தப் பதினொன்னே முக்கால் ராத்திரி... குவாரிக்கு வாங்க.

முக்காலியை நிறுத்தியாச்சு. நெத்தியில சின்னச் சிவப்பு லைட்டு. நட்சத்திரம் நகர நகர டெலஸ்கோப்பைத் திருப்புற மோட்டாரை மேல மாட்டியாச்சு. அடுத்தது டெலஸ்கோப் குழாய்... பத்துக் கிலோ. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் ஸ்க்ரூவை முறுக்கணும். எப்பவும் பிடிக்கிறவன் தம்பி. இவரு நெஞ்சோட அணைச்சுத் தூக்கி மேல சாத்தினாரு. பழக்கதோஷம்... "பிடிடா"ன்னு சொல்லிட்டுக் கையை எடுத்துட்டாரு.

குழாய் நின்னுச்சு.

ஸ்க்ரூவுக்காகப் பாக்கெட்ல கையை விட்டப்பதான் உறைச்சுது. ரெண்டு ஸ்க்ரூவும் இன்னும் பாக்கெட்லயே இருக்கு.

குப்புன்னு பெட்ரோல் வாசனை. தம்பியோட பைக் டேங்க் ஒழுகும், அவன் கையில எப்பவும் இந்த வாசனைதான். குழாய்க்கு அந்தப் பக்கம்... மூச்சு. கனத்தைத் தூக்கிப் பிடிச்சவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு விடுற மூச்சு. லைட்டைத் திருப்பினாரு. யாரும் இல்லை. குழாய் முழுக்கப் பனி ஈரம்... பத்து விரல் இடம் மட்டும் காஞ்சு கிடக்கு.

மனுஷன் உடைஞ்சுட்டாரு. "சொல்லிடறேன்டா... நான்தான் கூப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடறேன். விடிஞ்சதும் சொல்லிடறேன்."

குழாய் மெதுவாச் சாஞ்சு இவரு கையில வந்து உக்காந்துச்சு.

விடிஞ்சும் விடியாம நேரா தம்பி வீடு. அவதான் கதவைத் திறந்தா. நின்ன இடத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டாரு, கால்ல விழாத குறை. அவ அழலை, திட்டவும் இல்லை.

"தெரியும் மாமா. தினம் ராத்திரி வந்து, 'அண்ணன் சொல்லிட்டாரா'ன்னு கேப்பாரு. இல்லைன்னு சொல்வேன். போயிருவாரு."

"இனிமே... இனிமே வரமாட்டான்லம்மா?"ன்னாரு இவரு.

அவ கதவை முழுசாத் திறந்து ஒதுங்கி நின்னா.

"இன்னைக்குப் போகலை மாமா. உள்ளதான் இருக்காரு... உங்களை வரச் சொல்றாரு."