துணி சுற்றிய போத்தல்கள்

பழத்தில் பியர் செய்யலாம் என்பது என் அக்கா மகன் சாய் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. பியர் என்றால் மஞ்சளாக இருக்கும், கசக்கும், அவ்வளவுதான் என்று இருந்தவன் நான். சாய் சுவிசில் ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை செய்கிறான். மொத்தமே நாலைந்து பேர்தான். அப்ரிகோட், பிளம்ஸ், செரி, ராஸ்பெரி என்று அந்தந்தக் காலத்துப் பழங்களைப் போட்டுப் புளிக்க வைக்கிறார்களாம். போன ஈஸ்டருக்குக் காரில் ஒஸ்லோ வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து, இந்தக் குரோருட் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். "மாமா, இதை மடமடவெண்டு குடிக்கிறேல்லை. ருசி பாக்கிறது," என்று எனக்கு வகுப்பும் எடுத்தான்.

நிலூஜா, போன கிழமை திராமனில் நடந்த கலியாண வீட்டுக்கு அவன் வந்தபோது கண்டு கதைத்ததாகச் சொன்னீர்கள். நல்லது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். தங்கள் ஆலையில் அல்ககோல் இல்லாத பியர் ஒருநாளும் செய்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். சிரித்ததற்காக அவனைக் கோபிக்க வேண்டாம். அவனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

இருங்கள், தங்கச்சி. வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்கள். உங்கள் மனிசன் உள்ளறையில் நித்திரை. இப்போதைக்கு எழும்ப மாட்டான். அன்றைக்கு அவன் இங்கே குடித்தது என்ன என்று நீங்கள் கேட்டதற்கு முதலிலிருந்தே பதில் சொல்கிறேன். இடையில் மறித்தால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போத்தலைத் துணியால் சுற்றிவிட வேண்டும். பெயரையும் படத்தையும் பார்த்தால் நாக்கு அதற்குத் தக்கபடி பொய் சொல்லுமாம். சின்னக் கிளாசில் கொஞ்சமாக ஊற்றி, மணந்து பார்த்து, நாக்கில் வைத்திருந்து, என்ன பழம் என்று சொல்ல வேண்டும். இடையில் ஒரு துண்டுப் பாண், ஒரு வாய் தண்ணீர். சாய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் மனிசன் சேந்தனின் நினைவுதான் வந்தது. அவனுடைய நாக்கு அப்படி. நாங்கள் இருவரும் நோர்வேயின் வடக்கே மீன் ஆலையில் வேலை செய்து ஒரே அறையில் இருந்த காலத்தில், என் கறியில் வெந்தயம் கூடினால் கதவடியில் நின்றே சொல்லிவிடுவான். தானும் சமைக்க மாட்டான், சமைத்தவனைச் சாப்பிடவும் விடமாட்டான்.

அந்தக் காலத்திலிருந்து அவனைச் சுமந்தவன் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை. குடித்துவிட்டு விழுந்த இடங்களிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். திராமன் ஆற்றங்கரையில் ஒருமுறை கொலரில் பிடித்து இழுத்திராவிட்டால் உங்களுக்குக் கலியாணமே நடந்திராது. கலியாணத்துக்குப் பிறகும், அவனுக்கு ஓவர்டைம் என்று உங்களுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவன் நான்தான். நீங்களும் பாவம், "சரி அண்ணை," என்பீர்கள். வாந்தி கழுவினேன், உடுப்பு மாற்றினேன். ஊற்றிக் கொடுத்ததும் நீங்கள்தானே என்று கேட்பீர்கள். ஓம். குடிக்கிறவனுக்கு யாராவது ஊற்றத்தானே வேண்டும். கண்டவன் ஊற்றுவதைவிட நான் ஊற்றுவது பாதுகாப்பு.

பிறகு அவன் குடியை விட்டான். உங்களுக்காகவும் பிள்ளைக்காகவும் விட்டான். நான் சந்தோசப்பட்டேன், நம்புங்கள். ஆனால் அவன் குடியோடு சேர்த்து என்னையும் விட்டுவிட்டான். ஃபோன் எடுத்தால் "பிறகு எடுக்கிறன், மச்சான்." அந்தப் பிறகு ஒருநாளும் வராது. இங்கே குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மீன் கடையில் கண்டால், என் கையிலிருக்கும் பையைப் பார்த்துக்கொண்டே கதைப்பான், உள்ளே போத்தல் இருக்கிறதோ என்று. அதையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கும் இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

பொங்கல் விழா உங்களுக்கு நினைவிருக்கும். குடியை விட்ட கதையை மேடையில் சொல்லச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். நான் குசினியில் பொங்கல் பரிமாறி முடித்துவிட்டு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தேன். மேடைக்குப் போகும்போது அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போனான். உங்களுக்கு நன்றி சொன்னான், டொக்டருக்குச் சொன்னான், பஸ் ஓட்ட வேலை தந்தவர்களுக்குக்கூடச் சொன்னான். பிறகு, "நான் முதல் செய்தது என்னெண்டால், கூடாத கூட்டத்தை விட்டதுதான்," என்றான்.

கூட்டம் என்றால் பலர் இருக்க வேண்டும். அவனோடு இருந்தது நான் ஒருவன்தான். மண்டபத்தில் எல்லோருக்கும் அது தெரியும். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவனுடைய ஜாக்கெட் என் மடியில்தான் இருந்தது.

ஏறின ஏணியை எட்டி உதைப்பது என்று சொல்வார்களே, அதுதான் நடந்தது. நெஞ்சு எரிந்தது, தங்கச்சி. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வர, ஒருவர் என் முதுகில் தட்டி, "என்ன பிலேந்திரன், கூட்டம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்கவில்லை. நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் இல்லை.

ஈஸ்டருக்குச் சாய் வந்து போன பிறகுதான் சேந்தனைக் கூப்பிட்டேன். சுவிசிலிருந்து அல்ககோல் இல்லாத பழ பியர் வந்திருக்கிறது, எனக்கு ருசி பிடிபடவில்லை, வந்து என்னவென்று சொல்லிவிட்டுப் போ என்றேன். தயங்கினான். "மனிசியிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்," என்றான். நீங்கள் விட்டீர்கள். அதற்கு இன்றைக்கும் உங்களுக்கு நன்றி.

முதல் இரண்டு தடவையும் உண்மையாகவே அல்ககோல் இல்லாததைத்தான் கொடுத்தேன். இங்கே கடையில் வாங்கி, துணியைச் சுற்றி வைத்தேன். பழக விட வேண்டும்; அவசரப்பட்டால் காரியம் கெடும். அவனும் சந்தோசமாக இருந்தான். ஒன்றைக் குடித்துவிட்டு "நாவல்பழக் கொட்டையைச் சூப்பின மாதிரிக் கிடக்கு," என்றான். இன்னொன்றை "இது கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின்ரை தோல், சதை இல்லை," என்றான். "உனக்குச் சுவிஸ்காரன் சம்பளம் தரவேணுமடா," என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் இரண்டு தடவையும் அவன் நேரத்தைப் பார்த்துவிட்டு எழும்பி உங்களிடம் போய்விட்டான்.

மூன்றாம் தடவை ஒரு சனிக்கிழமை மத்தியானம். பின்னேரம் அவனுக்கு வேலை. அந்த நாளைத் தெரிந்தெடுத்தது நான்தான். பஸ்ஸை எடுக்கமுன் ஒரு கருவியில் ஊத வேண்டும், குடித்திருந்தால் பஸ் இயங்காது என்பதை அவனே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தான். "ஒவ்வொரு நாளும் ஊதேக்கை சோதினை பாஸ் பண்ணின மாதிரி, மச்சான்," என்பான். ஆகவே ரோட்டில் யாருக்கும் ஆபத்து வராது என்பதையும் நான் யோசித்து வைத்திருந்தேன். பஸ்ஸில் போகிற சனத்தை ஆபத்தில் விடுகிறவன் நானில்லை.

அன்றைக்குத் துணிக்குள் இருந்தது சாய் கொண்டுவந்த பியர். செரி ஒன்று, பிளம்ஸ் ஒன்று. இரண்டும் வைன் அளவுக்குக் கடுமையானவை. ஆனால் பழத்தின் புளிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் கிளாசைப் பிரச்சினையில்லாமல் குடித்தான். இரண்டாவதை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். விழுங்கிவிட்டுக் கிளாசை மேசையில் வைத்தான்.

"மச்சான், இதிலை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லையடா."

"சத்தியமா?"

"மடு மாதாவாணை."

அவன் சைவக்காரன், நான்தான் மன்னார்க் கத்தோலிக்கன். ஆனாலும் மன்னாரான் மடு மாதாவின் பெயரில் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அதுவரை நான் செய்ததுமில்லை. அவனுடைய உடம்புக்கு உண்மை பிடிபட்டுவிட்டது, தங்கச்சி, முகத்தில் தெரிந்தது. இருந்தும் தன் உடம்பைவிட என்னை நம்பினான். கிளாசைத் திரும்ப எடுத்துக் குடித்து முடித்தான். இன்னொன்றும் கேட்டான், ஊற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கருவி சிவப்புக் காட்டியது. மறுபடி ஊதச் சொன்னார்கள், மறுபடியும் சிவப்பு. தான் குடிக்கவே இல்லை என்று மேலாளரிடம் நின்று கெஞ்சியிருக்கிறான். நீங்கள் எனக்கு ஃபோன் எடுத்தீர்கள்.

"பிலேந்திரன் அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அங்கை குடிச்சவரோ?"

"என்ரை வீட்டிலை அவன் அந்தப் பழ யூஸ் மாதிரியான சாமானைத்தான் குடிச்சவன், தங்கச்சி. மற்ற இடங்கள் எனக்குத் தெரியாது," என்றேன்.

அவனைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் என் வாயில் வரவில்லை, கவனித்தீர்களா. மற்ற இடம் எது என்பதை நீங்களே யோசித்து முடித்தீர்கள். பனை மரத்துக்குக் கீழே இருந்து பாலைக் குடித்தாலும் கள்ளு என்றுதான் ஊர் சொல்லும். அவன் பால் என்று நம்பித்தான் குடித்தான். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணப் போனவனின் கையைத் தட்டிவிட்டீர்களாம். "இனி அவளையும் பழுதாக்காதேங்கோ" என்று சொன்னீர்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதான். உடுப்புப் பையோடு அவன் வந்து நின்றது என் வாசலில்தான்.

"மெசின் பிழையடா. நான் உன்னை நம்பிறன்," என்றேன். ஒஸ்லோ முழுவதிலும் அவன் சொன்னதை நம்பியது நான் ஒருவன்தான்.

கொஞ்ச நாள் அவன் எதையும் தொடவில்லை. வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். யன்னலடியில் இருந்து, நீங்கள் எடுக்காத ஃபோனுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "குடிச்சவன் எண்டு எல்லாரும் முடிவு கட்டியாச்சு. இனிக் குடிக்காமல் இருந்து ஆருக்குக் காட்ட?" என்றான். நான் வற்புறுத்தவில்லை. பெட்டியில் அப்ரிகோட் மிச்சம் இருந்தது. இந்த முறை துணி தேவைப்படவில்லை.

இப்போது அவனுக்குக் கை நடுங்குகிறது, அதனால் நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். சோற்றைக் குழைத்துத் தீத்தினால் நாலு வாய் சாப்பிடுகிறான். ஈரல் பழுதாகிவிட்டது, இப்படியே குடித்தால் அடுத்த வருடம் காணமாட்டான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கிக் கிடத்துவதற்கு முன்னைப்போலப் பாரமும் இல்லை. காலையில் எழும்பினால் முதல் வார்த்தை "மச்சான்" என்றுதான் வருகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அன்றைக்கு அவன் அறிந்து குடிக்கவில்லை. உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஊற்றியவன் நான், அறிந்துதான் ஊற்றினேன். வேலை போகும், வீடு போகும், போக்கிடம் இல்லாமல் இங்கேதான் வருவான் என்று தெரிந்துதான் ஊற்றினேன். ஆனால் அவனை நம்பாமல் வெளியே விட்டது நானில்லை. அது யார் என்று நீங்கள் வீட்டுக்குப் போய் ஆறுதலாக யோசியுங்கள்.

சிகிச்சைக்கு இடம் எடுத்துவிட்டேன், கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்கிறீர்கள். நல்ல விசயம். நான் மறிக்கவில்லை. அந்த அறைதான், தட்டுங்கள். நான் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவனிடம் சொல்லுங்கள். அவன் எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்து, உண்மையோ என்று கேட்பான். நான் இல்லையென்பேன். அவன் உங்களை நம்ப மாட்டான், நிலூஜா, என்னைத்தான் நம்புவான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவனுக்குத் துரோகம் செய்யாத ஆள் நான் ஒருவன்தானே.