நாற்பத்தொரு ஆமாம்

— நாப்பத்தொண்ணு.

— எது நாப்பத்தொண்ணு, மிக்கோன் அண்ணே?

— நீ எழுதின சுருள்ல நான் 'ஆமாம்'னு சொல்ற இடம். எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன், லியகோரா. அதுபோக 'ரொம்பச் சரி' பதினாறு. 'வேற எப்படி இருக்க முடியும்' ஒம்பது. முப்பது வருஷமா பானை வனையறவன் நான், தம்பி. வாயில வேற வார்த்தையே வராதா எனக்கு?

— உங்களைக் கௌரவப்படுத்தி எழுதினது அண்ணே அது. சுருளுக்குப் பேரே 'மிக்கோன்'. ஏதென்ஸ்ல எத்தனை குயவர் பேர்ல நூல் இருக்கு, சொல்லுங்க.

— பேரு என்னுது. பேச்சு பூரா அந்த வெறுங்கால் கிழவருது. நடுவுல நடுவுல தலையாட்டற ஆடு நான்.

— இந்த ஊரே சேர்ந்து அவருக்கு விஷம் குடுத்துச்சு. இப்போ இதே ஊர் அவர் பேச்சைத் தேடி அலையுது. அவரோட நாலு நாள் பழகினவன்கூட எழுதறான். எல்லாத்துலயும் அமைப்பு ஒண்ணுதான். அவர் கேப்பார், எதிர்ல இருக்கறவர் ஒத்துக்குவார். நீங்க எதிர்த்துப் பேச ஆரம்பிச்சா உண்மை கடைசி வரைக்கும் வந்து சேராது.

— உண்மை வந்துச்சோ இல்லையோ, நேத்து நான் மீன் வாங்கப் போனேன். 'மிக்கோன், இந்த மீன் புதுசுதானே'ன்னான் கடைக்காரன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வரிசையில நின்னவங்க எல்லாரும் 'ரொம்பச் சரி'ங்கறாங்க. தூண் மண்டபத்துல உன் சுருளை வாசிச்ச நாள்லேர்ந்து இதே கதைதான்.

— நூல் நல்லாப் பரவியிருக்கு.

— நாளைக்கு எனக்கு வழக்கு.

— வழக்கா?

— பக்கத்து மனைக்காரன் தெர்சிப்போஸ். என் சூளை நிக்கறது அவன் நிலத்துலயாம். எங்கப்பா கட்டின சூளை அது. இருநூத்தியொரு நடுவருங்க முன்னாடி நானே நின்னு பேசணும். நடுவுல அவன் என்னைக் கேள்வி கேப்பான். கேட்டா பதில் சொல்லியே ஆகணும், சட்டம் அப்படி. அவன் என்ன கேட்டாலும், நான் ஒரு 'ஆமாம்' சொன்னாப் போதும். இருநூத்தியொருத்தரும் உன் சுருளை நினைச்சு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிச்ச கையோட அவன் பக்கம் தீர்ப்பு. சூளை போச்சு.

— நான் என்ன செய்யணுங்கறீங்க?

— ஒரு 'இல்லை' போடு. ஒரே ஒரு இடத்துல. இன்னிக்குச் சாயந்தரம் மண்டபத்துல திருப்பி வாசிக்கச் சொல்லு.

— எந்த இடத்துல போட?

— எங்கயாவது. இதோ, இங்க.

— 'திருடறவனைவிடத் திருடாதவன் மேலானவன்தானே?' இதுக்கு 'இல்லை'ன்னா, நாளைக்கு உங்களைத் திருடன் கட்சின்னுவாங்க.

— சரி, அதுக்குக் கீழ.

— 'பெத்தவங்களைக் கை நீட்டி அடிக்கறது தப்புதானே?'

— அதுக்கும் கீழ.

— 'கப்பல் ஓட்டறதைப் பத்தி மாலுமிகிட்டதானே கேக்கணும்?'

— ஆமாம், பின்ன ஆட்டுக்காரன்கிட்டயா கேப்பாங்க?

— நாப்பத்திரெண்டு.

— சிரி. நல்லாச் சிரி. எழுதறது உன் கை, மாட்டறது என் கழுத்து. சரி, சுருளைச் சுத்தி வை. எனக்கு ஒரு சந்தேகம். மண்ணு மிதிக்கறவன் சந்தேகம்தான். கேக்கலாமா?

— தாராளமாக் கேளுங்க அண்ணே.

— ஒரு பானை முழுசா இருக்கா, விரிசல் இருக்கான்னு யார் சொல்லணும்? தட்டிக் காது குடுத்துக் கேட்டவனா, தெருவுல போறவனா?

— தட்டிக் கேட்டவன்.

— ஒருத்தர் பேசின பேச்சும் அப்படித்தானே? கேட்டவன்தான் சொல்லணும்?

— ஆமாம்.

— நீகூட முதல் வரியிலயே 'என் காதால் கேட்டது'ன்னுதான் எழுதியிருக்கே?

— ஆமாம்.

— அதுல நானும் கிழவரும் என் பட்டறை முற்றத்துல ஆலிவ் மரத்து நிழல்ல உக்காந்து பேசறோம். சூளைக்குப் பத்தடியில ஆலிவ் மரம் இருந்தா, முதல் நெருப்புலயே அதுவும் சேர்ந்து வெந்திருக்காதா?

— வேற எப்படி இருக்க முடியும்.

— அவர் என் பட்டறைக்கு வந்தது ஒரே ஒரு நாள். ஸ்பார்ட்டாக்காரன் நம்ம மதிலை இடிச்ச வருஷம். உனக்கு அப்போ வயசு அஞ்சு.

— ஆறு.

— ஆறு வயசுப் பிள்ளையை உங்கம்மா குயவர் தெருவுக்குத் தனியா அனுப்பினாங்களா?

— இல்லை.

— பாத்தியா, உனக்கு 'இல்லை' எவ்வளவு சுலபமா வருது. அப்போ நாங்க பேசினதை நீ கேக்கவே இல்ல?

— ரொம்பச் சரி. நீங்க ரெண்டு பேரும் ஒரு பகல் பூராப் பேசினீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. என்ன பேசினீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. அதான் நானே நிரப்பிட்டேன்.

— நாளைக்கு வந்து இதை நடுவருங்க முன்னாடி சாட்சி சொல்வியா?

— அண்ணே, அப்புறம் என் சுருளை மீன் பொட்டலம் கட்டத்தான் வாங்குவாங்க. நான் எழுதின மத்த அஞ்சு சுருளும் 'என் காதால் கேட்டது'தான்.

— சொல்வியா?

— ஆமாம்.

— மூணு.

— எண்ணாதீங்க. ஒரு நிமிஷம் அண்ணே. தெர்சிப்போஸ் உங்களைக் கேக்கலாம்னா, நீங்களும் அவனைக் கேக்கலாம்தானே?

— கேக்கலாம். அவனும் பதில் சொல்லியே ஆகணும்.

— அப்போ இப்ப என்னைக் கேட்ட மாதிரி அவனைக் கேளுங்க, போதும். நேரம் பாக்க வெச்சிருக்கற தண்ணிச் சட்டி ஒழுகி முடியறதுக்குள்ள, சூளை உங்களுதுன்னு அவனே சொல்லிடுவான்.

— அந்தச் சட்டியே நான் வனைஞ்சதுதான். சரி, கேக்கறேன். நீயும் வர்ற.

— வர்றேன், வர்றேன். ஆனா ஒண்ணு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. அன்னிக்கு நிஜமாவே என்ன நடந்துச்சு? உங்க நாக்கு இப்படிக் கூராகற அளவுக்குக் கிழவர் உங்களை அப்படி என்னதான் கேட்டார்?

— கிழவரா? அவர் ஒண்ணுமே கேக்கல தம்பி. சக்கரத்துப் பக்கத்துல வந்து உக்காந்தார். கேட்டது பூரா நான். பொழுது சாயற வரைக்கும் 'ஆமாம் மிக்கோன், ரொம்பச் சரி மிக்கோன்'னு தலையாட்டினது அவருதான்.