அசல் வயரிங்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை அய்யா, குடித்துவிடுகிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. இந்தச் சீனுவாசன் ஒரு பொருளை வாங்கினால் வாங்கினபடியே வைத்திருப்பான் என்று விழுப்புரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் அம்பாசிடருக்கு அறுபது வயது நெருங்குகிறது. திண்டிவனத்தில் வருஷாவருஷம் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும். நடுவர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பார்கள். அசல் அல்லாத சாமான் ஒன்று கண்ணில் பட்டால் மதிப்பெண் போச்சு. எனக்குத் தொடர்ந்து இரண்டாம் பரிசுதான். இரண்டாம் பரிசு வாங்கியவனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. பரிசே வாங்காதவன் நிம்மதியாகத் தூங்குவான்.

இந்த வருஷம் ஒரு கோளாறு வந்தது. ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கியது. டாஷ்போர்டு பக்கம் கருகல் வாடை. திண்டிவனத்தில் அலெக்ஸ் என்று ஒரு கார் எலெக்ட்ரீஷியன். பேட்டரி, எர்த் எல்லாம் பார்த்துவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் போகும் துணி சுற்றிய வயரை வெளியே இழுத்துக் காட்டினான். துணி இற்றுப்போய், உள்ளேயிருந்த செம்புக்கம்பி வண்டியின் பாடியில் உரசிக்கொண்டிருந்தது.

"பேஜாரு புடிச்ச லைன் சார் இது. அந்தக் காலத்துல ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கெடையாது. இப்பிடியே ஓட்டிக்கினு இருந்தீங்கன்னா என்னிக்காவது பத்திக்கும்" என்றான்.

புது வயர் இழுத்து ஃபியூஸும் வைத்துக் கொடுத்தான். விளக்கு ஜோராக எரிந்தது. ஆனால் வயர் பச்சை பிளாஸ்டிக். அலெக்ஸ் வேலை தெரிந்தவன்தான், ரசனைதான் போதாது. அணிவகுப்புக்கு முந்தின நாள் அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, பழைய வயரையே துணி நாடா சுற்றி மாட்டினேன். பின்கதவுகளின் உள்கைப்பிடிகளும் கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளும் அசல் அல்ல. அவற்றையும் கழற்றினேன்.

என் மனைவி பாஞ்சாலி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தண்ணன் அவ்ளோ சொல்லிச்சே, இன்னாத்துக்குங்க கழட்டுறீங்க? எனக்கு பயமா இருக்குதுங்க."

அவள் மனசு கோணக்கூடாதென்று பாதுகாப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பூசணிக்காய் உடைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பேட்டரிக்கே குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன்.

முன்சீட்டு புதிதாகத் தைத்தது, அதனால் அவளைப் பட்டுப்புடவையோடு பின்னால் உட்காரவைத்தேன். தூசி படாமலிருக்கக் கண்ணாடிகளை ஏற்றியே விட்டேன். முதல் பரிசு கிடைத்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லையே.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியது, ஹெட்லைட் போட்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டாஷ்போர்டிலிருந்து புகை, பிறகு தீ. ஓரங்கட்டி இறங்கினேன். பதற்றப்படவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினேன். அதனால்தான் தீ முன்சீட்டோடு நின்றது, வண்டி பிழைத்தது. அதற்கப்புறம் பாஞ்சாலியிடம் போனேன்.

பின்கதவுப் பூட்டு எப்போதும் மக்கர் செய்யும். அன்றைக்கு இரண்டு பக்கமும் திறக்கவில்லை. மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரிக்காரர் ஜாக்கி ராடோடு ஓடிவந்தார். தென்னரசு என்று பெயராம்.

"தள்ளுங்க சார், ஜல்தி! கண்ணாடிய ஒடச்சிடறேன்!"

அவர் உங்களிடம் சொன்னது நிஜம். அவர் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். பூட்டை இன்னொரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்றேன். உள்ளே புகை. பாஞ்சாலி இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் திமிறினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. பூட்டும் பிறகு தானாகவே திறந்துகொண்டது. பொறுமைதான் முக்கியம் என்று அவரிடம் சொன்னேன். அவர் அழுதார்.

அவள்மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்குள் போனால் இப்போது வெறிச்சென்றிருக்கிறது. அவள் சாவுக்கு நான்தான் காரணம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று அய்யா: அந்தக் கண்ணாடி கம்பெனி முத்திரையோடு வந்தது. உடைந்திருந்தால், இந்தியா முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரி இன்னொன்று கிடைக்காது.