தொடாத முழங்கை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பிரசவ ஆபரேஷன் பதிவேட்டை இருபது வருடமாக நான் எழுதி வருவதற்கு அதுதான் காரணம். இங்கே நூறு பிரசவத்தில் எழுபது ஏன் ஆபரேஷனில் முடிகிறது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். 'காரணம்' என்ற கட்டத்தைப் பாருங்கள் ஐயா. குழந்தை குறுக்கே கிடந்தது, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தது என்பதெல்லாம் உண்மை. கத்தி இல்லாவிட்டால் அவர்கள் செத்திருப்பார்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது' என்று வருகிறதே, அதில் பாதிக்கு மேல் பொய். சனிக்கிழமைகளில் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரம்மாவுக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். வீட்டார் காதில் விழும்படி நான், "துடிப்பு குறையுது டாக்டர்" என்பேன். புருஷன் உடனே கையெழுத்துப் போடுவான். உண்மையாகவே குறைந்தால், முதலில் டாக்டரம்மாவின் முழங்கையைத் தொடுவேன், பிறகுதான் பேசுவேன். தொட்டால் ஓடுவார். தொடாவிட்டால் நிதானமாகக் கை கழுவுவார்.

என் தங்கையும் இங்கேதான் வந்தாள். அம்மா இல்லாமல் நான் தூக்கி வளர்த்தவள். "நீ இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்?" என்று கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தாள். வலி நன்றாக வந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் விட்டிருந்தால் தானாகவே பெற்றிருப்பாள். டாக்டரம்மாவுக்கு ஆறு மணிக்கு ஒரு விருந்து. நாலரைக்குக் கத்தி வைத்தார். பிறகு ரத்தம் நிற்கவில்லை, அவர் போனை எடுக்கவில்லை. குழந்தை பிழைத்தது, தங்கை போய்விட்டாள்.

மறுநாள் என் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்குங்க சிஸ்டர், நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். வேலையை விடவில்லை. ஆறு வருடம் அதே பதிவேட்டை அழகாக எழுதிக்கொண்டு காத்திருந்தேன்.

போன மாதம் டாக்டரம்மாவின் ஒரே மகள் பிரசவத்துக்கு வந்தாள். "எம் பொண்ணு மேல கத்தி படக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம்" என்றார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பகல் பதினொன்றரைக்குத் துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து எண்பதுக்கு இறங்கியது. மெஷினின் சத்தத்தைக் காலையிலேயே குறைத்துவிட்டேன், திரையையும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன், அந்தப் பெண் கொஞ்சம் தூங்கட்டும் என்று சொல்லி. டாக்டரம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இருந்த இடத்தில் நின்றபடியே, மருமகன் காதில் விழும்படி, "துடிப்பு குறையுது டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "என்ன சிஸ்டர், பழக்கதோஷமா? நம்ம வீட்டுப் பொண்ணுகிட்டயுமா?"

பத்து நிமிடம் விட்டு மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டியிருந்தேன். துடிப்பு அச்சாகி வந்த தாள் மடித்து என் கையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

குழந்தை பிறந்தது, அழவில்லை. டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏன் தொடல?" என்று மட்டும் கேட்டார். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால், நான் தொடாத நாட்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆமாம், அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொல்லிக் கொல்லவில்லை. மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னேன்.

என் தங்கையின் பக்கத்தை எதற்காகப் புரட்டுகிறீர்கள்? அன்றைக்கும் டூட்டியில் இருந்தது நான்தான். துடிப்பு நன்றாகத்தான் இருந்தது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் தங்கை புருஷன் காதில் விழும்படி சொன்னேன், அவர் கையில் பேனாவையும் கொடுத்தேன். அது என் வேலை ஐயா. என் தங்கையைக் கொன்றது டாக்டரம்மா.