முப்பது காட்டுமாடுகள்

உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. எதிரே உட்கார்ந்துகொண்டே கேள்வியைத் தாளில் எழுதி நீட்டுகிறீர்கள். ஸ்டேஷனில் புது வழக்கம் போலிருக்கிறது. நான் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

புகார் கொடுத்தவன் என் மைத்துனன் பிராங்ளின். கொடுக்கட்டும். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன் நான். ஒற்றை ஆளாக முப்பது காட்டுமாடுகளைத் துரத்தினேன். ஒவ்வொன்றும் ஃபேக்டரி உயரம். அந்தக் கதையைக் கேட்கக் குன்னூர் தேயிலை ஏலத்தையே விட்டுவிட்டு வருவார்கள். சரியாக உச்சத்தில் என் மனைவி ஜெஸிந்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க, மூணுதானுங்க. அதுலயும் ஒண்ணு கன்னுக்குட்டி."

வீடே சிரிக்கும். என்னைத் தவிர.

அவளுக்குப் பாம்புச் செவி. மாதா கோயில் பாடகர் குழுவில் யாருக்குச் சுருதி இறங்கினாலும் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் பீன்ஸ் தோட்டத்துக்குக் காட்டுமாடு வருவது உண்மை. லைசென்ஸ் துப்பாக்கியும் உண்மை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கலாம். நான் அடுப்படி ஜன்னலில் குழலை வைத்தேன். அங்கேதான் அவள் காய் நறுக்குவாள். காதுக்கும் குழலுக்கும் ஒரு சாண். தினம் காலையில் இரண்டு வெடி, ஒரு மழைக்காலம் முழுக்க. மாடு வராத நாளிலும், "வந்திருக்கு, அசையாதே" என்பேன். அசைய மாட்டாள். என்னை நம்புகிறவள்.

"காதுக்குள்ள வண்டு கத்துதுங்க" என்றாள். சளி என்றேன். என் காதில் பஞ்சு வைத்திருந்தேன்; நான் முட்டாள் இல்லை.

ஈஸ்டருக்கு அவளைப் பாட வேண்டாம் என்றார்கள். அழுதாள். தட்டிக்கொடுத்தேன். வெடிச் சத்தம் நரம்பைத் தின்றுவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். அதை ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டியதும் நான்தான்.

ஆமாம், அவள் காதைக் கெடுக்கத்தான் சுட்டேன். மாட்டுக்காக ஒரு வெடியும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன அமைதி தெரியுமா? கோயில் மணியைக்கூட மெதுவாக அடிக்கிறார்கள். ஊரே மரியாதை கற்றுக்கொண்டுவிட்டது. போன ஞாயிறு வீடு நிறைய ஆட்கள். முப்பது காட்டுமாட்டையும் முழுதாகத் துரத்தி முடித்தேன், ஒரு குறுக்குப் பேச்சு இல்லை. ஜெஸிந்தா அடுப்படி வாசலில் நின்று மூன்று விரலைத் தூக்கினாள். உதடு அசைந்தது. வந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.