சில்லின் பின்பக்கம்

காரைக் கழுவ எல்லோருக்கும் தெரியும். அதைத் தாங்கி உருளுகிற சில்லைக் கழுவத்தான் ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் நமது பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கிற கார்களைப் பார்த்தாலே இது விளங்கும். மேலே பளபளப்பு, கீழே சம்மாந்துறை வயல் சேறு. முகத்தை மட்டும் கழுவிவிட்டுக் காலைக் கழுவாமல் தொழ நிற்கிறவரை நாம் சும்மா விடமாட்டோம். கார் என்று வந்தால் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

நடந்ததை எழுதித் தரும்படி பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை என்னைக் கேட்டிருக்கிறது. காலிதீன் ஆகிய நான் இருபத்தாறு வருடமாகப் பாடசாலை அலுவலகத்தில் லிகிதர். சபையின் கூட்டக் குறிப்புகளையும் நான்தான் எழுதி வருகிறேன். ஆகவே எனக்கு எதிரான வாக்குமூலத்தையும் நானே எழுத வேண்டி வந்ததில் மனத்தாங்கல் இல்லை. வேறு யாராவது எழுதினால் பிழை விடுவார்கள்.

என் கார் வெள்ளை. அலோய் றிம். ஒவ்வொரு சில்லுக்கும் பத்துக் கைகள், ஒவ்வொரு கையின் பின்பக்கத்திலும் ஒரு விரல் மட்டும் போகக்கூடிய குழி. பிரேக்கிலிருந்து உதிர்கிற கறுப்புத் தூள் ஓடி ஒளிவது அங்கேதான். கடையில் விற்கிற பிரஷ் எதுவும் அந்தக் குழிக்குள் போகாது, போனால் வளையாது. எனவே நானே செய்யத் தொடங்கினேன்.

முதலில் பல் பிரஷ். மெழுகுதிரிச் சுடரில் கழுத்தைக் காட்டி வளைத்தால் நட்டுக் குழிகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். பழைய பிரஷ்களைத்தான் எடுத்தேன். பழையது எது என்பதில் எனக்கும் மனைவி நஜ்லாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பிறகு பேரப்பிள்ளையின் பால் போத்தல் பிரஷ்ஷைச் சைக்கிள் கம்பியில் கட்டினேன். பிள்ளை வளர்ந்துவிடும், அதற்குப் பிரஷ் எத்தனை நாளைக்குத் தேவை என்று யோசித்தேன். தேங்காய்த் தும்பை மூங்கில் குச்சியில் கட்டிப் பார்த்ததில் பூச்சுக் கீறுப்பட்டது. விளக்குமாற்று ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதில் காலுறையை மாட்டி உள்ளே விட்டேன். ஈர்க்கு வந்தது, காலுறை வரவில்லை. அதை எடுக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

“மனிசர் பல்லு விளக்க ஊட்டுல ஒரு பிரஷ் இல்ல, சில்லுக்கு மட்டும் ஏழு பிரஷ்” என்றாள் நஜ்லா.

சுத்தம் ஈமானில் பாதி என்ற நபிமொழியை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

“ஓம், அந்தப் பாதிய ஒருக்கா பாத்றூமிலயும் காட்டுங்க” என்றாள். அவளுக்குக் குழியின் அமைப்பு விளங்கவில்லை.

எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் ஸுல்பிகாவின் வளவு. அவளுடைய கணவர் முஹ்ஸின் மவுத்தாகி இரண்டு வருடமாகிறது. நோயில் கிடந்தபோது, தான் வாங்கி விட்டிருந்த கண்டுக்குட்டியை வளர்த்துப் பெருநாளில் தன் பேரில் அறுத்துக் குர்பான் கொடுக்க வேண்டுமென்று வஸிய்யத் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஸுல்பிகா அதை வளர்த்தாள். செம்பன் என்று பெயர். தனக்குக் கஞ்சி வைத்தாளோ இல்லையோ, செம்பனுக்குக் கஞ்சித் தண்ணீர் தவறியதில்லை. பிள்ளைகளுக்கு மருதோன்றி அரைத்தால் மிச்சத்தைச் செம்பனின் வால் குஞ்சத்தில் பூசிவிடுவாள். நல்ல செம்மஞ்சள் நிறத்தில் அது தொங்கும். இந்த ஹஜ்ஜுப் பெருநாளில்தான் அதைக் கொடுக்க இருந்தாள்.

பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு, காலுறையைத் தேடிக் களைத்துப் போய் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். செம்பனின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஈ. நாக்குக்கும் எட்டாது, கொம்புக்கும் எட்டாது. செம்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலை ஒரு சுழற்றுச் சுழற்றியது. குஞ்சம் வளைந்துபோய் அந்த ஒரு இடத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பியது. நான் ஒரு வருடமாகத் தேடியது அடுத்த வளவில் புல் தின்றுகொண்டு நின்றது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன்.

ஒரு வேலையைத் தொடங்குமுன் சட்டம் கேட்பது என் பழக்கம். மறுநாள் மௌலவியிடம், குர்பான் மாட்டின் வால் முடியைக் கத்தரித்தால் கூடுமா என்று பொது அறிவுக்காகக் கேட்டேன்.

“முடி மட்டுமெண்டாப் பரவால்ல காக்கா. வால்ல கொஞ்சம் துண்டுபட்டாலும் குர்பானுக்குக் கூடாது” என்றார்.

இரண்டாவது பாதியை நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

ஆகவே முதலில் முடியை மட்டும் கத்தரித்தேன். அதுவும் பாதியைத்தான். மாடு எங்கோ உரசிக்கொண்டதாக ஸுல்பிகா நினைத்தாள். முடியைக் குச்சியில் நூலால் இறுக்கிக் கட்டி ஒரு குழியைத் துடைத்தேன். அருமையாகத் துடைத்தது. இரண்டாவது குழியில் முடி உதிரத் தொடங்கியது, ஐந்தாவதில் குச்சிதான் மிஞ்சியது. பசை போட்டேன், கம்பி சுற்றினேன், சரிவரவில்லை. முடியின் பலம் கட்டுவதில் இல்லை, வேரில் இருக்கிறது. வேர் எதில் இருக்கிறது என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. ஸுல்பிகா கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தாள். நஜ்லாவின் பாக்குவெட்டியைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். சுத்தம் விசயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு விரல் நீளம்தான் எடுத்தேன். செம்பன் ஒரு தரம் கத்தியது, ஒரு தரம் உதைத்தது. என் முழங்காலில் இன்னும் கண்டல் இருக்கிறது, அதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. காயத்துக்கு மஞ்சள் அப்பிவிட்டேன். எடுத்ததை உப்பும் படிகாரமும் இட்டு இரண்டு நாள் கூரையில் காயவைத்தேன். பிடியும் தானாகவே அமைந்திருந்தது. நான் செய்தவற்றில் அதுதான் நல்ல பிரஷ். நாற்பது குழியும் ஒரே நாளில் முடிந்தது.

வால் வெட்டுப்பட்ட அன்று பின்னேரமே ஸுல்பிகா செம்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்கு வந்துவிட்டாள். மௌலவி வாலைப் பார்த்தார். இது குர்பானுக்குக் கூடாது என்றார். சபை உடனடியாக விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் செயலாளராக, வழக்கம்போல, என்னைப் போட்டீர்கள். நான் மறுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்பதால் மறுக்கவில்லை.

தெருநாய் கடித்திருக்கலாம் என்று நான் அபிப்பிராயம் சொன்னேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

“நாய் கடிச்சா இவ்வளவு நேராவா கடிக்கும்? கடிச்ச நாய் மஞ்சளும் பூசிட்டுப் போகுமா?” என்று ஸுல்பிகா கேட்டாள்.

உரிமையாளர் சில ஐயங்களைத் தெரிவித்தார் என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். நாய்த் தொல்லை பற்றி மேலிடத்துக்குக் கடிதம் அனுப்புவதென்று தீர்மானம் ஆனது. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். நல்ல கடிதம்.

இன்று காலை பெருநாள் தொழுகைக்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மௌலவி என்னிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டார். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். “அஞ்சே அஞ்சு நாள் பொறுத்திருந்தா, அறுத்த பிறகு அந்த வால முழுசா உங்கட கையிலயே தந்திருப்பாங்களே காக்கா. ஆருக்கு வேணும் மாட்டு வால்?” என்றார்.

உண்மைதான். தந்திருப்பார்கள். அது எனக்கும் தெரிந்தே இருந்தது.

போன வருடப் பெருநாள் தொழுகைக்குக் கடற்கரைத் திடலில் கார்கள் வரிசையாக நின்றன. சாமான் கடை மிஹ்லார் என் காருக்குப் பக்கத்தில் குனிந்தார். றிம்மின் கைக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தார். கரிபடிந்த விரலை ஊரே பார்க்கத் தூக்கிப் பிடித்து, “மச்சான், முன்னுக்குப் பெருநாளு, பின்னுக்குக் கரிச்சட்டியா?” என்றார். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வருடம் அவர் மறுபடியும் குனிவார் என்று தெரியும். அவர் குனிவது தொழுகை முடிந்த கையோடு. அறுப்பது அதற்குப் பிறகு. எனவே பொறுத்திருக்க வழி இருக்கவில்லை.

இன்று காலை, நான் நினைத்தபடியே, மிஹ்லார் குனிந்தார். விரலை விட்டார். எடுத்தபோது அதில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நம் ஊரில் மருதோன்றி பூசிய வால் ஒன்றுதான் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸுல்பிகா வந்தாள். முடியை மிஹ்லாரின் விரலிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுக்கிறேன் என்று நான் அந்த இடத்திலேயே சொன்னேன். சபையும் அதையே தீர்மானித்தது. குர்பான் கொடுக்க இன்னும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது, நாளை காலை சம்மாந்துறையிலிருந்து மாடு வந்துவிடும்.

“மாடு வரும் காக்கா. அவர் கையால தண்ணி வெச்ச மாடு வருமா? மவுத்தாப் போன மனிசன் கேட்டது ஒண்டே ஒண்டு. நான் என்னண்டு உங்களுக்கு மாப்புத் தாற?” என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். அடியார்களுக்குச் செய்த குற்றத்தை அவர்கள் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே வாலை வெட்டியது நான், வேண்டுமென்றே வெட்டினேன், கூடாது என்று தெரிந்தே வெட்டினேன், பிறகு நாயின் மேல் போட்டேன். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. சபை என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. மிஹ்லார் இன்று விரலைத் தூக்கிக் காட்டியபோது எல்லோரும் அந்த முடியைத்தான் பார்த்தார்கள். விரலில் ஒரு பொட்டுக் கரிகூட இருக்கவில்லை என்பதையும் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.